ஆளைக் குறைக்காமல் தவறைச் சொல்வது

பெரியவர்களே, பணித் தோழர்களே, வணக்கம்.

அரிசி ஆலையில் வேலை பார்ப்பவர்களும், நெல் கொள்முதல் நிலையங்களின் பருவகாலப் பணியாளர்களும், கூட்டுறவுச் சங்க எழுத்தர்களும், கும்பகோணத்துப் பாத்திரக் கடைக்காரர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரே ஒரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன். கூட வேலை செய்கிறவரிடம் அவருடைய தவறை எப்படிச் சொல்வது? நம் தவறை அவர் சொன்னால் எப்படிக் கேட்பது? வேலையிடத்து உறவு பெரும்பாலும் இந்த இரண்டிலும்தான் முறிகிறது.

கொள்முதல் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. மழையை ஒட்டி மத்திய அரசு தளர்வு கொடுத்த ஆண்டுகளும் உண்டு. குவியலின் மேலாப்பில் மட்டும் மாதிரி எடுத்தால் ஈரப்பதமானி குறைத்துக் காட்டும். மேல்நெல் வெயிலில் காய்ந்திருக்கும், அடிநெல் ஈரமாகவே கிடக்கும். உதவியாளர் அப்படி எடுத்ததைப் பட்டியல் எழுத்தர் பார்த்துவிடுகிறார். வரிசையில் நிற்கும் விவசாயிகள் முன்னால் "உனக்கு எத்தனை தடவை சொல்றது?" என்று கத்துகிறார். அன்றைக்கு அளவு சரியாகிவிடும். மறுநாளிலிருந்து அந்த உதவியாளர் சந்தேகம் வந்தாலும் கேட்க மாட்டார். தெரியாததையும் தெரிந்ததாக எழுதி முடிப்பார். ஈரமூட்டை அட்டியில், அதாவது மூட்டை அடுக்கில், ஏறும். நடுவில் சூடு பிடித்து நெல் நிறம் மாறிய பிறகுதான் விஷயம் வெளியே வரும். அப்போது யார் எடுத்த மாதிரி என்று யாருக்கும் தெரியாது. தவறுக்குத் தண்டனை என்று பழகிய இடத்தில் ஆட்கள் கற்றுக்கொள்வது மறைப்பதைத்தான்.

இந்தப் பழக்கத்துக்கு நம் மண்ணில் வேர் இருக்கிறது. கீழத்தஞ்சைப் பண்ணைகளில் பண்ணையாட்களின் வேலையில் குறை கண்டால் சாட்டையடி. சாணிப்பாலைக் குடிக்க வைத்தார்கள். 1940களில் விவசாயச் சங்கத் தலைவர் பி. சீனிவாசராவும் தோழர்களும் ஊர் ஊராகச் சங்கம் கட்டி அதை எதிர்த்து நின்றார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சாட்டை ஒழிந்தது. ஆனால் "டேய், இங்க வாடா" இன்னும் ஒழியவில்லை. அறுபது வயதுச் சுமைதூக்கும் தொழிலாளியை முப்பது வயது மேற்பார்வையாளர் பேர் சொல்லி ஒருமையில் அழைக்கிறார். அதே வாயால் லாரி உரிமையாளரை "வாங்க சார்" என்கிறார். மற்ற எதையும் திருத்துவதற்கு முன்னால் இதைத் திருத்துங்கள் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். எல்லோருக்கும் "வாங்க, போங்க" என்றே பேசுங்கள். மூத்தவர்களை அண்ணே, அக்கா என்று கூப்பிடுங்கள். ஒருமையில் விளித்துவிட்டு எவ்வளவு நியாயமாகத் தவறைச் சொன்னாலும், கேட்பவர் காதில் அந்த ஒருமை மட்டும்தான் விழும்.

இனி, சொல்லும் முறை. ஓடுகிற பெல்ட் பக்கம் ஒருவர் கை போகிறதென்றால் கத்தத்தான் வேண்டும்; அங்கே மரியாதை பார்க்க நேரமில்லை. மற்றவற்றை அன்றைக்கே, ஆனால் தனியாகச் சொல்லுங்கள். பசியோடு நிற்பவரிடம் மதியம் இரண்டு மணிக்குச் சொல்ல வேண்டாம், சாப்பிட்டுவிட்டு வரட்டும். வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போட்டு "இது யார் வேலை?" என்று கேட்பது, வரிசைக்கு முன்னால் கத்துவதைவிட மோசம், கத்தல் காற்றோடு போய்விடும், குழுவில் போட்டது கிடந்துகொண்டே இருக்கும்.

சொல்லில் மூன்று பகுதி போதும்: கண்ணால் பார்த்தது, அதனால் என்ன ஆகும், இனி என்ன செய்வது. "அண்ணே, காலைல மூணாவது குவியல்ல மேலாப்புல மட்டும் மாதிரி எடுத்தீங்க. அடில ஈரம் இருந்தா அட்டில சூடேறிடும். இனிமே மேல, நடு, அடின்னு மூணு எடத்துல எடுத்துக் கலந்துடுங்க. அதுல எதுவும் சிரமம் இருக்கா?" கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். குவியலைக் கிளற ஆள் இல்லை, ஒரே ஆள் சாக்கும் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று உண்மையான காரணம் பல நேரம் அங்கேதான் வெளிவரும். "எப்பவுமே நீங்க இப்படித்தான்" என்ற பேச்சு மட்டும் வேண்டாம். 'எப்பவுமே' என்றவுடன் அவர் மூன்றாவது குவியலை மறந்துவிட்டு, தான் ஒழுங்காகச் செய்த நாட்களை எண்ண ஆரம்பித்துவிடுவார். முன்னும் பின்னும் பாராட்டு வைத்து நடுவில் குறையைச் செருகும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு தடவைக்குப் பிறகு, பாராட்டைக் கேட்டாலே ஆட்கள் பயப்படத் தொடங்குகிறார்கள்.

சில சண்டைகள் குணத்தால் வருவதே இல்லை, ஒரு பலகை இல்லாததால் வருகின்றன. புழுங்கல் ஆலையில் இரவு ஆட்கள் போய்ப் பகல் ஆட்கள் வரும்போது, எந்தத் தொட்டியில் எத்தனை மணிக்கு நெல்லை ஊறவிட்டார்கள், எது வேகவைத்தாகிவிட்டது, உலர்த்தியில் கடைசியாகப் பார்த்த ஈரம் எவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும். ஊறல் நேரம் தெரியாமல் போனால் அரிசியில் புளித்த வாடை வரும். அரவைக்கு ஏறத்தாழ 14 சதவீத ஈரம் வேண்டும். கணக்கில்லாமல் காய்ந்தால் அரிசி வெடித்து நொய் கூடும். பிறகு இரண்டு ஷிப்ட்காரர்களும் மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் இருப்பார்கள். வருகிறவர் அந்தப் பலகையை வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும், அதற்குப் பிறகு போகிறவர் கிளம்பட்டும்.

கேட்கிற பக்கம் இன்னும் கடினம். தவறைச் சொன்னவுடன் வாயில் முதலில் வருவது விளக்கம். அதை அடக்கிக்கொண்டு, "எந்தக் குவியல், எத்தனை மணி?" என்று கேளுங்கள். கேட்டதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். எப்போதைக்குள் சரிசெய்வீர்கள் என்று சொல்லுங்கள். தவறு உங்களுடையது இல்லையென்றால் அடுத்தவர் பேரை அந்த இடத்திலேயே இழுக்காமல், பதிவேட்டை எடுத்துக்கொண்டு பிறகு போய்ப் பேசுங்கள்.

மேலதிகாரியின் தவறைச் சொல்வது, அடுத்த பருவத்தில் வேலை கிடைக்குமா என்று தெரியாத ஒருவருக்கு எளிதல்ல. குற்றமாகச் சொல்லாமல் முடிவு கேட்பதாகச் சொல்லலாம்: "சார், மூட்டைக்கு நெல்லு 40 கிலோதானே? கூடப் போடச் சொன்னா எழுத்துல கொடுத்துடுங்க." எழுத்தைக் கேட்கும்போதே பல தவறான உத்தரவுகள் நின்றுவிடும்.

நல்ல வார்த்தையால் தீர்க்கக் கூடாத விஷயமும் உண்டு. பணியிடத்தில் பெண்ணுக்குப் பாலியல் தொல்லை என்றால், "உக்காந்து பேசி முடிச்சுக்கலாம்" என்று யாரும் நடுவில் வராதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த இடமானாலும், முதலாளி மீதே புகார் என்றாலும் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுத இயலாதவருக்குப் புகாரை எழுத்தில் கொண்டுவர உதவுவது அந்தக் குழுவின் கடமை.