அழுகையை டிரெய்லரில் காட்ட முடியாது

காரைக்கால் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஊரெல்லாம் பேச்சாக வருகிற, மூளைக்கு வேலை வைக்கிற பிரம்மாண்டமான படம் மனசையும் தொடுமா என்று பேசச் சொல்லி நிலையத்தார் கேட்டார்கள். விமர்சகர் யாரையாவது கூப்பிடலாமே என்றேன். படம் பார்க்கிறவர்களைப் பார்த்த ஆள்தான் வேண்டும் என்றார்கள். சரி, அந்த வகையில் எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. நான் தியேட்டர் ஆபரேட்டர். தொழில் பழகியது நீடாமங்கலம் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில். அப்புறம் கும்பகோணத்தில் ஒரு நிரந்தரத் தியேட்டரில் ஓய்வு பெறும்வரை புரொஜக்டர் கேபினிலேயே காலம் போயிற்று.

ஆபரேட்டர் நிம்மதியாகப் படம் பார்ப்பான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ரீல் காலத்தில் அது நடக்காது. மெஷினில் வெளிச்சம் தருகிற கார்பன் குச்சி எரிந்து குறையக் குறைய அதைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ரீல் முடியும், அடுத்த மெஷினுக்கு மாற வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும். அப்போது இரண்டாவது மெஷின் மோட்டாரை ஓட விட வேண்டும். ஏழெட்டு நொடியில் இன்னொரு புள்ளி வரும். அந்தக் கணத்தில் மாற்றவில்லை என்றால் திரை வெள்ளையாகிவிடும், கீழேயிருந்து நம் குடும்பத்தையே விசாரிப்பார்கள். ஆகவே கதை முழுசாக மனதில் நிற்காது. நிற்பதெல்லாம் சின்ன ஜன்னல் வழியாகத் தெரிகிற தலைகள்தான்.

தலைகளைவிடப் புகை நன்றாகக் காட்டிக் கொடுக்கும். பீடி பிடிக்கக் கூடாது என்று சிலைடு போடுவோம், யார் கேட்டார்கள்? மெஷினிலிருந்து திரைக்குப் போகிற வெளிச்சத்தில் புகை சுருள் சுருளாக ஏறும். பாட்டு வந்தால் வெளிச்சமே பால் மாதிரி கெட்டியாகிவிடும். சண்டைக் காட்சியிலும் புகை உண்டு. ஆனால் அண்ணன் தங்கையைப் பார்க்க வருகிற மாதிரி ஒரு காட்சி வந்து, அது சரியாகவும் அமைந்துவிட்டால், வெளிச்சம் மெல்லத் தெளிந்துவிடும். பற்றவைத்த பீடியை இழுக்க மறந்திருப்பார்கள். பிற்காலத்தில் புகை நின்றது, கைப்பேசி வந்தது. இருட்டில் அங்கங்கே நீலமாக மினுக்கும். படம் பிடித்து இழுத்தால் அந்த மினுக்கல் ஒவ்வொன்றாக அணையும். படம் ஜனங்களைத் தொட்டதா என்று எனக்குத் தெரிந்த அளவுகோல் இவ்வளவுதான்.

இந்த அளவுகோலை வைத்துச் சொல்கிறேன்: புத்திசாலித்தனமான பெரிய படம் அழ வைக்கும். வைத்திருக்கிறது. என்ன, எப்போது வைக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2010 அக்டோபர் முதல் தேதி 'எந்திரன்' வந்தது. இயக்குநர் ஷங்கர் கும்பகோணத்தில் பிறந்தவர் என்பதால் எங்கள் ஊரில் ஒரு கூடுதல் உரிமை வேறு. அதற்குள் எங்கள் தியேட்டரில் ரீல் போய் டிஜிட்டல் வந்துவிட்டது. எனக்கு வேலை குறைவு, வேடிக்கை அதிகம். முதல் நாள் முதல் காட்சியில் வசனமே கேட்கவில்லை. நூற்றுக்கணக்கான சிட்டி ரோபோக்கள் உருண்டையாகவும் பாம்பாகவும் சேரும்போது பேப்பர் தூள் பறந்தது. அதற்கெல்லாம் பிறகு, நீதிமன்றம் உத்தரவு போட்டு, சிட்டி பேசிக்கொண்டே தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கிற காட்சி வருகிறது. முதல் நாள் அதற்கும் விசில் அடித்தார்கள். ரஜினி கைதானே, எப்படிக் கழன்றாலும் விசில்தான். அதே காட்சி இரண்டாவது வாரம், குடும்பத்தோடு வந்த மாலைக் காட்சிக் கூட்டத்துக்கு ஓடியது. குழந்தைகள் இருந்த வரிசைகளில் அழுகை. ஒரு அம்மா பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போகப் பார்த்தார், பையன் போக மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டான்.

படம் ஒன்றுதான், கூட்டம் வேறு. முதல் நாள் வருகிறவன் கொண்டாட வருகிறான், இல்லாவிட்டால் சொன்ன அளவுக்கு இருக்கிறதா என்று சரிபார்க்க வருகிறான். இரண்டுமே அழுவதற்குத் தோதான மனநிலை இல்லை. வெள்ளிக்கிழமை காலைக் காட்சியை வைத்துக்கொண்டு, 'பிரம்மாண்டம் இருக்கிறது, உயிர் இல்லை' என்று எழுதுகிறவர்களை நான் முழுசாக நம்புவதில்லை.

விளம்பரத்துக்கும் இதில் பங்கு உண்டு. எங்கள் தெருவில் ஒரு தமிழய்யா இருந்தார். தொல்காப்பியத்தில் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படுகிற உணர்ச்சி, எட்டு என்று சொல்லி வரிசையாக ஒப்பிப்பார். மருட்கை, அதாவது வியப்பு, நான்கு காரணத்தால் வருமாம்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். அழுகைக்கும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. டிரெய்லரை இதோடு பொருத்திப் பாருங்கள். புதுமையைக் காட்டலாம், பெருமையைக் காட்டலாம், ஒன்று இன்னொன்றாக மாறுகிற ஆக்கத்தைக் காட்டலாம். இழவை எப்படிக் காட்டுவது? ஒருவர் போனால் வலிக்க வேண்டுமென்றால் முதலில் அவரோடு ஒரு மணி நேரமாவது பழகியிருக்க வேண்டும். இரண்டு நிமிட டிரெய்லருக்குள் அது அடங்காது. ஆகவே விளம்பரம் வியப்பை மட்டும் விற்கிறது, நாமும் வியப்பை மட்டும் எதிர்பார்த்துப் போகிறோம். அழுகை கிடைத்தால் அது டிக்கெட்டில் சேராத வரவு.

வியப்போடு நின்றுவிட்டால் குறையா என்றால், இல்லை. விளம்பரத்தை ஒரு கலையாகவே நடத்திக் காட்டியவர் படத் தயாரிப்பாளர் எஸ்.எஸ். வாசன். அவரும் நம் திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர்தான். 1948-இல் வந்த அவருடைய 'சந்திரலேகா'வில் பெரிய பெரிய முரசுகளின் மேல் நடனம் நடக்கும், ஆட்டம் முடிந்ததும் முரசுக்குள்ளேயிருந்து வீரர்கள் குதிப்பார்கள். என்ன ஒரு மூளை! அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் பலரிடம் கேட்டிருக்கிறேன். எல்லாருக்கும் முரசு ஞாபகம் இருக்கிறது. அழுதேன் என்று ஒருவர் சொல்லவில்லை. அந்தப் படத்துக்கு அது தேவைப்படவும் இல்லை. எல்லாப் படமும் அழ வைக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

ஆனால் மூளையையும் கண்ணீரையும் ஒன்றாகவே முடிச்சுப் போட்ட படங்கள் இருக்கின்றன. ஹாலிவுட் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் எடுத்த 'இன்டர்ஸ்டெல்லார்' 2014-இல் வந்தது. அதில் ஒரு கணக்கு. தண்ணீர் நிறைந்த ஒரு கிரகத்தில் ஒரு மணி நேரம் இருந்தால் பூமியில் ஏழு வருடம் ஓடிவிடும். ஈர்ப்பு விசை, ஐன்ஸ்டீன் என்று படித்தவர்கள் விளக்குவார்கள். கேட்கும்போது வெறும் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கும். விண்வெளிக்குப் போன கதாநாயகன் அங்கே மாட்டிக்கொண்டு திரும்பி வரும்போது பூமியில் இருபத்து மூன்று வருடம் போயிருக்கிறது. உட்கார்ந்து, பிள்ளைகள் அனுப்பிய செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். பையன் வளர்கிறான், கல்யாணம் செய்துகொள்கிறான், அவனுக்குக் குழந்தை பிறக்கிறது, அந்தக் குழந்தை இறந்தும் போகிறது. கடைசியில் மகள் வருகிறாள். 'இன்று என் பிறந்த நாள். நீங்கள் கிளம்பிப் போன வயது எனக்கு ஆகிவிட்டது' என்கிற மாதிரி பேசுகிறாள். திரும்பி வரும்போது நாம் இருவரும் ஒரே வயதாகக்கூட இருக்கலாம் என்று அவன்தான் மகளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

இந்த இடத்தில் அந்தக் கணக்கை எடுத்துவிடுங்கள், அழுகையும் போய்விடும். சோகத்துக்கு ஒரு தனிக் காட்சி, மூளைக்கு ஒரு தனிக் காட்சி என்று நோலன் பிரிக்கவில்லை. கணக்குதான் சோகம்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை யாரும் விளக்கவே வேண்டாம். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், மாயவரம் என்று எத்தனை வீடுகளில் ஆண்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள்! போன் இல்லாத காலத்தில் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்புவார்கள். வீட்டில் எல்லாரும் டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பதிலுக்கு இங்கிருந்தும் ஒரு கேசட் போகும். அதில் குழந்தை 'அத்தா' என்று மழலையில் அப்பாவைக் கூப்பிடும். அது அங்கே போய்ச் சேர்வதற்குள் குழந்தை நன்றாகப் பேசவே ஆரம்பித்திருக்கும். அந்தக் கிரகத்துக்கும் துபாய்க்கும் கடிகாரத்தில்தான் வித்தியாசம்.

அந்தப் படத்தின் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஜிம்மரிடம் இது விண்வெளிப் படம் என்றே முதலில் சொல்லவில்லை. ஓர் அப்பா, ஒரு பிள்ளை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, இதற்கு ஏதாவது வாசியுங்கள் என்று கேட்டிருக்கிறார் நோலன். மெட்டு வந்த பிறகுதான் ராக்கெட் கதையைச் சொன்னாராம். எந்த வரிசையில் வேலை செய்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அவருடைய இன்னொரு படமான 'இன்செப்ஷன்' 2010-இல் வந்தது. கனவுக்குள் கனவு, அதற்குள் இன்னொரு கனவு என்று போகிற திருட்டுக் கதை. பெரிய கம்பெனி முதலாளி இறக்கிறார். மகன் அந்தக் கம்பெனியை உடைக்க வேண்டும் என்ற எண்ணத்தை அவன் மனதில் விதைக்க வேண்டும். திருடர்கள் கூடி யோசிக்கிறார்கள். அப்பா மேல் கோபத்தை ஏற்றினால் நிற்காது, சமாதானம்தான் ஆழமாக இறங்கும் என்று முடிவெடுக்கிறார்கள். கடைசியில் கனவில் மகன் பெட்டகத்தைத் திறக்கிறான். உள்ளே உயிலுக்குப் பக்கத்தில், சின்ன வயதில் அப்பாவோடு விளையாடிய காகிதக் காற்றாடி. மகன் உடைந்து போகிறான். அத்தனையும் மோசடி. அப்பா உண்மையில் என்ன நினைத்தார் என்று யாருக்கும் தெரியாது. பார்க்கிற நமக்கும் மோசடி என்று தெரியும், திட்டம் போட்டதையே பார்த்தோம். அப்படியும் தொண்டை அடைக்கிறது. சினிமாக்காரர்கள் நமக்குச் செய்வதைத்தான் அந்தத் திருடர்கள் அவனுக்குச் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதே படத்தில் கதாநாயகனின் இறந்துபோன மனைவி கதை என்னை அவ்வளவாகத் தொடவில்லை. அதற்கு வாயால் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். விளக்கம் கேட்கிற நேரத்தில் எவனும் அழ மாட்டான்.

இப்போதெல்லாம் இன்னொரு பயம். கதையின் திருப்பத்தை வாட்ஸ்அப்பில் யாராவது உடைத்துவிட்டால் படமே போச்சு என்கிறார்கள். திருப்பம் தெரிந்தால் வியப்பு போகும், உண்மை. அழுகை போகுமா? தஞ்சாவூர் பக்கம் மெலட்டூருக்கு வாருங்கள். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி வரதராஜப் பெருமாள் கோயில் முன்னால் பாகவத மேளா என்கிற நாட்டிய நாடகத்தில் பிரகலாத சரித்திரம் நடக்கும். பாட்டும் வசனமும் தெலுங்கில். ஆண்களே பெண் வேடமும் கட்டுவார்கள். தூணிலிருந்து நரசிம்மர் வருவார் என்பது கைக்குழந்தையைத் தவிர எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கணவனுக்கும் மகனுக்கும் நடுவே லீலாவதி தவிக்கிற இடத்தில், தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாத பாட்டிகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் விடியற்காலை நரசிம்மர் முகம் தரித்தவரை நாலு பேர் பிடித்து நிறுத்துகிற அந்த வேகம், எந்த கிராஃபிக்ஸுக்கும் குறைந்தது இல்லை. பிரம்மாண்டமும் கண்ணீரும் ஒரே ராத்திரியில் நமக்கு வழக்கமானதுதான், புதுசாகச் சண்டை மூட்ட ஒன்றும் இல்லை.

எனக்குக் குறை படங்கள் மேல் இல்லை, ஓடுகிற நாட்கள் மேல். முதல் மூன்று நாள் வசூலை வைத்தே எல்லாம் முடிந்துவிடுகிறது. முன்பெல்லாம் டெல்டாவில் பெரிய படத்துக்கு இரண்டு கூட்டம் உண்டு. தீபாவளிக்கு வந்த படத்தை ஊர் இளவட்டம் உடனே பார்க்கும். கிராமத்துக் குடும்பங்களுக்கு அப்போது நேரமும் இருக்காது, கையில் காசும் இருக்காது. அடைமழை, வயலில் நாற்று. தை மாதம் சம்பா அறுவடை முடிந்து நெல் போட்ட பணம் வந்தபிறகு வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அந்தக் கூட்டம் வருகிறவரை படப் பெட்டி எங்காவது ஒரு ஊரில் சுற்றிக்கொண்டிருக்கும். அழுகிற கூட்டம் அதுதான். இப்போது அவர்கள் கிளம்புவதற்குள் படம் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற இடைவெளியில் பத்துப் பத்து நிமிடமாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் பெரிசாக இல்லை என்கிறார்கள். அதற்குப் படத்தைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

நான் இப்போதும் பெரிய படம் எதுவானாலும் இரண்டாவது வாரம் புதன்கிழமை மாலைக் காட்சிக்குத்தான் போகிறேன். கடைசி வரிசையில், கேபின் ஜன்னலுக்கு நேர் கீழே இடம் கேட்பேன். சமீபத்தில் அப்படிப் போனபோது அந்தப் படத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். வேறு ஒரு சின்னப் படம் ஓடிக்கொண்டிருந்தது. டிக்கெட் கொடுக்கிற தம்பி, 'இதுக்குப் போறீங்களா ஐயா, சுமார்தான்' என்றார். வந்ததற்கு அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். தம்பி சொன்னது சரிதான், சுமார்தான்.

நன்றி. வணக்கம்.