பூட்டன் யாருடைய சண்டைக்குப் போனார்? ஒரு பையனின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுக்கிறேன், அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பப்பா இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இலங்கைப் பாதுகாப்புப் படையில் இருந்தவர். சண்டை முடிந்து வீடு திரும்பி, வயதாகிக் காலமானவர். அவரைப் பற்றி மகனிடம் சொன்னபோது, “வெள்ளைக்காரனுடைய சண்டைக்குத்தானே போனவர், அவரை நான் ஏன் நினைக்க வேண்டும்?” என்று பையன் கேட்டுவிட்டானாம். என்ன பதில் சொல்வது என்கிறார்.

சகோதரி, முதலில் மகனைக் கோபிக்க வேண்டாம். இந்தக் கேள்வியைக் கொழும்பில் 1931இலேயே கேட்டிருக்கிறார்கள், அதுவும் முன்னாள் படைவீரர்கள் பக்கத்திலிருந்தே. முதலாம் உலகப்போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் 11ஆம் திகதி பாப்பிப் பூ விற்றுச் சேர்த்த காசில் பெரும்பகுதி பிரித்தானியப் படைவீரர்களுக்குத்தான் போனது. முதலாம் உலகப்போருக்குப் போய்த் திரும்பிய நம் நாட்டவருக்குக் கிடைத்தது சொற்பம். அதனால் அதே நாளில் சூரிய மல், அதாவது நம் வேலியோரத்துப் பூவரசம் பூவை, விற்கத் தொடங்கினார்கள். 1933இல் இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையில் எடுத்து ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக்கினார்கள், அது தனிக் கதை. உங்கள் மகனுக்கு வந்த கோபம் அந்த முன்னாள் படைவீரர்களுக்கும் வந்தது. ஆனாலும் போய்ச் செத்தவனையும் கை கால் இழந்து வந்தவனையும் அவர்கள் கைவிடவில்லை. அவனுக்குச் சேர வேண்டியதைக் கேட்டுத்தான் தெருவுக்கு வந்தார்கள்.

சரி, “வெள்ளைக்காரனுடைய சண்டை” என்பதற்கு வருவோம். உயிர்த்த ஞாயிறு என்றால் கொழும்பில் இப்போது எல்லோருக்கும் 2019 குண்டுவெடிப்புகள்தான் ஞாபகம் வரும். அந்தத் துயரம் இன்னும் ஆறவில்லை. அதற்கு முன்பும் ஒரு உயிர்த்த ஞாயிறு உண்டு, 1942 ஏப்ரல் 5. பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே ஜப்பானியக் கடற்படை அன்று காலை கொழும்பின் மேல் குண்டு போட்டது. துறைமுகத்துக்குள்ளேயே டெனடோஸ், ஹெக்டர் என்ற இரண்டு கப்பல்கள் போயின. அன்றே தெற்கே நடுக்கடலில் கோர்ன்வால், டோர்செட்ஷயர் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் மூழ்கி 424 பேர் இறந்தார்கள். நான்கு நாள் கழித்து மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கி 307 பேர் இறந்தார்கள். முதல் நாளே இந்தக் கடற்படையை வானிலிருந்து கண்டு செய்தி அனுப்பியவர் லெனர்ட் பேர்ச்சல் என்ற கனடா விமானி, கொக்கலையிலிருந்து பறந்தவர். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானத்தைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். போர் முடியும் வரை ஜப்பானில் கைதியாக இருந்தார். ஆக, சண்டையைத் தொடங்கியவர்கள் யாராகவும் இருக்கட்டும், குண்டு விழுந்தது நம் தலையில். இன்னொன்று, இலங்கையில் கட்டாய ஆள்சேர்ப்பு இருக்கவில்லை. சம்பளத்துக்காகச் சேர்ந்திருந்தாலும் உங்கள் அப்பப்பா தானாகவே போய்க் கையெழுத்து வைத்தவர்.

ஒரு நாள் மகனை விகாரமகாதேவி பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். பொது நூலகத்துக்கு எதிரே உயரமான போர் நினைவுத் தூபி ஒன்று நிற்கிறது, லட்யன்ஸ் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. முதலில் காலிமுகத்திடலில் இருந்தது. ஜப்பான் கப்பல்களுக்குக் குறிபார்க்க அடையாளமாகிவிடும் என்று பயந்து, இரண்டாம் போர்க் காலத்தில் கழற்றி இங்கே கொண்டுவந்தார்கள். உலகப்போர்களில் இறந்த இலங்கையரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. அந்தப் பெயர்களை அவனை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். “வீரர்கள்” என்று மொத்தமாகச் சொன்னால் பிள்ளை மனதில் ஒன்றும் நிற்காது. ஒரு பெயர், ஒரு வயது, ஒரு படைப்பிரிவு என்றால் நிற்கும்.

பெயரும் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை, அதையும் மறைக்க வேண்டாம். பிரித்தானியப் பேரரசின் படைகளில் இறந்தவர்களின் கல்லறைகளைப் பராமரிக்க 1917இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணைக்குழு, அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மரியாதை என்பதைத்தான் கொள்கையாக வைத்திருந்தது. ஆனால் முதலாம் போரில் இறந்தவர்களில் குறைந்தது 116,000 பேரைப் பெயர் சொல்லி நினைவுகூரவில்லை, சிலரை நினைவுகூரவே இல்லை என்று 2021இல் அந்த ஆணைக்குழுவின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. பெரும்பாலும் கிழக்காபிரிக்கரும் எகிப்தியரும்.

இந்த இடத்தில் நம் நாட்டுப் போரைத் தொடாமல் போனால் நான் நேர்மையாகப் பேசியதாக ஆகாது. முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18 ஒரு வீட்டில் விளக்கேற்றும் நாள், அரசின் படைவீரர் நாளான மே 19 இன்னொரு வீட்டில். கோப்பாயில் துயிலும் இல்லத்தை, அதாவது இறந்த புலிகளின் மயானத்தை, இடித்து அதன் மேல் இராணுவத் தலைமையகம் கட்டினார்கள். நான் சொன்ன அதே ஆணைக்குழு தன் மயானங்களில் எதிரி நாட்டுச் சிப்பாய்களின் கல்லறைகளையும் பராமரிக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எந்தப் பக்கத்தவளானாலும், அவள் போய் அழுவதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. அநுராதபுரத்துத் தாய்க்கும் அப்படித்தான், கிளிநொச்சித் தாய்க்கும் அப்படித்தான்.

அப்புறம் உங்கள் அப்பப்பா. உயிரோடு திரும்பியவர் பெயர் தூபியிலும் இருக்காது, கல்லறைப் பதிவேட்டிலும் இருக்காது. வீட்டில் இருந்தால்தான் உண்டு. பழைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் தலை, மறுபக்கம் இரண்டு தலை விலங்கின் மேல் ஒரு சிங்கம் நிற்கிற பதக்கம் இருந்தால், அது 1939-45 போர்ப் பதக்கம். முதலாம் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் பெயரைப் பொறித்திருப்பார்கள். பிரித்தானியா கொடுத்த இரண்டாம் போர்ப் பதக்கங்களில் பொதுவாக அது கிடையாது. உங்கள் அப்பா தலைமுறை போய்விட்டால் அது யாருடையது என்றே தெரியாமல் பழைய சாமான் கடைக்குப் போய்விடும். இன்றைக்கே ஒரு துண்டுக் கடதாசியில் பெயர், பிறந்த ஊர், படைப்பிரிவு எழுதிப் பதக்கத்தோடு வையுங்கள். படம் இருந்தால் அதன் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஊறிவிடும்.

உங்கள் அப்பாவோ மாமியோ இருந்தால் மகனையே போய்க் கேட்கச் சொல்லுங்கள். எங்கே காவல் நின்றார், வீட்டுக்கு எவ்வளவு காசு அனுப்பினார், வந்த பிறகு இரவில் ஒழுங்காகத் தூங்கினாரா. ஃபோனில் பதிவு செய்துகொள்ளட்டும். படைப்பிரிவின் பெயர் தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள், அதை வைத்து மேலே எப்படித் தேடலாம் என்று சொல்கிறேன்.