சுருதிக்கு ஏற்ற தந்தி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நம் மலையகத் தோட்டத்துக் கோயில்களின் மார்கழிப் பஜனையில் மாண்டலின் வாசிக்கும் பிள்ளைகளுக்கு மாண்டோலாவையும் கையில் எடுங்கள் என்று சொல்லவே வந்திருக்கிறேன். மாண்டலினைவிடச் சற்றுப் பெரியது. ஒரு பஞ்சமம் கீழிறங்கிப் பேசும். பாடுகிறவர் குரலோடு இழைய அதைப்போல் வேறில்லை என்பேன்.

அதில் எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நாலு ஜோடி. அவற்றின் வழக்கமான சுருதி, மேற்கத்தியச் சுரப் பெயரில், தடித்த தந்தியிலிருந்து சி, ஜி, டி, ஏ. நம் பாட்டுக்கு வேண்டியதோ வயலினில் உள்ளதுபோல் ச, ப, ச, ப. ஒரு கட்டைக்கு, அதாவது ச என்பது சி ஆகும்போது, அது சி, ஜி, சி, ஜி ஆகும். தடித்த ஜோடிகள் இரண்டும் அப்படியே நிற்கும். மெல்லிய ஜோடிகள் இரண்டும் ஒரு முழுச்சுரம் இறங்கவேண்டும். தந்தியை முறுக்கும் ஆணியைத் தளர்த்தினால் போதும் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். நாதம் கெடுவது அங்கேதான்.

தந்தியின் ஒலிக்கும் நீளம் 17 அங்குலமான மாண்டோலாவில் 14 தந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் 14 பங்கு தடிமன். ஏ சுருதியில் அது சுமார் 25 இறாத்தல் விசையோடு நிற்கும். ஜிக்கு இறக்கினால் 20 இறாத்தல்தான். ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது! தந்தி தொய்ந்து அலையும், விரற்பலகையின் உலோகக் கட்டான ஃப்ரெட்டில் உரசும், ஓசை மெலியும். அதே இடத்தில் 16 தந்தியைப் பூட்டுங்கள். 26 இறாத்தல் கிடைக்கும். இரண்டாம் ஜோடியில் 23 தந்தி இருந்தால் 26 தந்தி ஆக்குங்கள். ஒரு முழுச்சுரம் இறங்கினால் தடிமனை எட்டில் ஒரு பங்கு கூட்டுவது என்று மனத்தில் வைத்தால் போதும்.

மாண்டோலாத் தந்தி நம் ஊர்க் கடைகளில் எளிதாக அகப்படாது. கிட்டார் தந்தி அகப்படும். 12இல் தொடங்கும் கிட்டார் செட்டில் இரண்டாம் தந்தி 16. 13இல் தொடங்கும் செட்டில் மூன்றாம் தந்தி 26. ஜோடிக்கு இரண்டு வேண்டுமாகையால் செட்டும் இரண்டிரண்டு வாங்கவேண்டும். தந்தி முனையிலுள்ள குண்டைக் குறட்டால் நசுக்கிக் கழற்றினால் வளையம் மிஞ்சும். அதை மாண்டோலாவின் கொக்கியில் மாட்டலாம். கண்ணுக்கு ஒன்றும் ஆகாதபடி துணியால் மூடிக்கொண்டு நசுக்குங்கள்.

இரண்டு கட்டைக்குப் பாடுகிறவர்கள் கவனிக்கவேண்டும். டி, ஏ, டி, ஏ என்று வைக்கும்போது தடித்த ஜோடிகள் மேலே ஏறும். அவற்றின் விசை நாலில் ஒரு பங்கு கூடும். தளர்ந்த தந்தியால் ஓசைதான் கெடும்; இறுகிய தந்தி கருவியையே வளைத்துவிடும். ஆகவே 34 இருந்த இடத்தில் 30, 49 இருந்த இடத்தில் 44 என்று மெலியவிடுங்கள்.

தடித்த தந்தி நட்டின், அதாவது கழுத்தின் உச்சியில் தந்திகளைத் தாங்கும் கட்டையின், பள்ளத்தில் சிக்கினால், ஆணியைத் திருப்பும்போது சுருதி வழுக்காமல் துள்ளும். பள்ளத்தை மெல்ல அராவவேண்டும். உடலின்மேல் தந்திகளைத் தாங்கும் குதிரை ஒட்டப்படாமல் நிற்பது என்பதால் எட்டுத் தந்தியையும் ஒன்றாகக் கழற்றாதீர்கள், ஒவ்வொன்றாக மாற்றுங்கள். முடிந்தபின் 12ஆம் ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். திறந்த தந்தியின் மேல்ஸ்தாயிச் சுரம் அச்சாக வரவேண்டும். சுரம் ஏறி ஒலித்தால் குதிரையை நட்டிலிருந்து ஒரு மயிரிழை தள்ளி நகர்த்துங்கள்.