பீலி உறிஞ்சுற மிசின் வாங்கப் போறீங்களோ

வணக்கம். போன மாதம் ஒரு அக்கா ஓட்டோவில ஒரு வாக்குவம் கிளீனரை ஏத்திக்கொண்டு எங்கட கடைக்கு வந்தவ. வாங்கி ஒரு மாதமும் இல்ல, சத்தம் போட்டுப் புகைஞ்சு நிண்டிட்டுது எண்டா. நான் மோட்டர் வைண்டிங் வேலை செய்யிற ஆள், தண்ணிப்பம்பும் கிரைண்டரும்தான் கூட வரும், இப்ப ரெண்டு மூண்டு வருசமா உந்த மிசினுகளும் வரத் தொடங்கிட்டுது. கழட்டிப் பார்த்தா விசிறித்தட்டுக்குள்ள முழுக்க முருங்கையிலை. இலையெண்டும் சொல்லேலாது, கீரை கடைஞ்சு வைச்ச மாதிரி ஒரு பசை, அது சூட்டில காய்ஞ்சு தட்டோட ஒட்டிப்போய்க் கிடக்கு, சுத்துற பாகத்துக்குக் கறண்ட் குடுக்கிற காபன் ரெண்டும் தேய்ஞ்சு, அது உரசுற கொம்யூட்டேற்றர் எண்ட செப்பு வளையம் கரிக்கட்டையாப் போச்சு, மணமெண்டா சொல்லி வேலையில்ல.

"என்னக்கா, உதால என்ன செய்தனீங்கள்?" எண்டு கேட்டன். "பீலி துப்பரவாக்கினனான் தம்பி, பெட்டியில 2000 வோட்ஸ் எண்டு போட்டிருக்குத்தானே" எண்டா. பீலி எண்டா தாவாரத்தில மழைத்தண்ணி ஏந்திற வாய்க்கால். அவவில பிழையில்ல. வித்தவர் வீட்டு நிலம் உறிஞ்சுற மிசினுக்கு ஒரு நீட்டுப் பைப்பைக் கொழுவிக் குடுத்து "பீலிக்கும் பாவிக்கலாம்" எண்டு சொல்லியிருக்கிறார். அந்த மிசின்ர காத்து மோட்டருக்குள்ளால போய்த்தான் வெளியில வரும், மோட்டரைக் குளிராக்கிறதும் அந்தக் காத்துத்தான், அதுக்குள்ள ஈர இலையும் தண்ணியும் போனா அவ்வளவுதான்.

இஞ்ச சனசமூக நிலையத்தில கதைக்கப் பத்து நிமிசம் தந்திருக்கினம். அதால இதைப்பற்றியே கதைப்பம் எண்டு நினைச்சன், ஏனெண்டா இது புரட்டாதி மாதம். சோளகம் அடிச்சு முடிஞ்சு, மாவிலையும் வேப்பஞ்சருகும் செம்மண்ணும் எல்லாம் பீலிக்குள்ள போய்ச் சேந்திட்டுது, இனி ஐப்பசி பிறந்தா மழை. எங்களுக்கு வருசத்து மழையில பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலதான் கொட்டும். நூறு சதுர மீற்றர் கூரையில ஒரு மணித்தியாலத்துக்கு 50 மில்லிமீற்றர் மழை பெய்தா 5000 லீட்டர் தண்ணி அந்தப் பீலிக்கு வரும், கணக்குப் பாருங்கோ, ஒரு மில்லிமீற்றருக்கு ஒரு சதுர மீற்றரில ஒரு லீட்டர். பீலி அடைச்சிருந்தா அவ்வளவும் சுவரால வழியும், இல்லாட்டி ஓட்டுக்குக் கீழால வந்து விறாந்தைக்குள்ள இறங்கும். 2008 இல நிஷா புயல் மழை நேரம் எங்கட வீட்டு அறைக்குள்ள சட்டி பானை எல்லாம் அடுக்கி வைச்சது எனக்கு இண்டைக்கும் ஞாபகம், கூரை நல்லாத்தான் இருந்தது, பீலிதான் அடைச்சது.

நுளம்பையும் மறந்திடாதீங்கோ. டெங்கு நுளம்புக்குப் பீலியில நிக்கிற கொஞ்சத் தண்ணி காணும், ஒரு கிழமை பத்து நாளில முட்டையில இருந்து நுளம்பாப் பறந்திடும். 2007 இல கொண்டுவந்த நுளம்பு பெருகிறதைத் தடுக்கிற சட்டம் கூரையையும் பீலியையும் சேத்துத்தான், பி.எச்.ஐ., அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து பார்த்தா வழக்கு வைக்கவும் ஏலும்.

சரி, "ஏணி வைச்சு ஏறிக் கையால அள்ளினா முடிஞ்சுது, இதுக்கு மிசினோ" எண்டு கேப்பீங்கள். நானும் அப்பிடித்தான் இருந்தனான். ஒரு ஐப்பசியில பாசி பிடிச்ச சீமெந்துத் தரையில ஏணியை வைச்சு ஏறினன், கால் வழுக்கி ஏணியோட வந்தன், இடக்கை மணிக்கட்டு உடைஞ்சு ஆறு கிழமை மாப்போட்டுக் கட்டினது. வைண்டிங் செய்யிறவனுக்கு ஒரு கை இல்லாட்டி என்ன வேலை? இங்கிலாந்தில இருக்கிற மச்சான் அப்பதான் சொன்னவன், அங்க 2005 இல உயரத்தில வேலை செய்யிறதுக்கெண்டு விதிகள் கொண்டுவந்தவையாம், அதில முதலாவதே ஏறாமச் செய்ய ஏலுமெண்டா ஏறாத எண்டுறதுதான். அதுக்குப் பிறகு நிலத்தில நிண்டு பீலி உறிஞ்சுற தொழில் அங்க நல்லாப் பரவிட்டுதாம்.

இப்ப விசயத்துக்கு வாறன். எல்லாரும் பிழைவிடுற இடம் ஒண்டிருக்கு. பீலி மேல இருக்கு, மிசின் கீழ இருக்கு, அப்ப மேலயிருந்து இழுக்கப் பெரிய சக்தி வேணும் எண்டு நினைக்கிறம். யோசிச்சுப் பாருங்கோ, சாமான் மேலயிருந்து கீழதானே வருது. பீலிக்கு நீட்டுற தடிதான் பைப்பும், அதின்ர நுனியில வாத்துக் கழுத்து மாதிரி ஒரு வளைவு இருக்கும், பீலிக்குள்ள கிடக்கிற குப்பை அந்த வளைவு மட்டும் ஏறினாக் காணும், ஒரு சாண், மிஞ்சினா ஒரு முழம், அதுக்குப் பிறகு அது தன்ர பாரத்திலயே பைப்பால இறங்கி வரும். அப்ப எங்க கஷ்டம்? பீலியில ஒட்டிக் கிடக்கிறதைப் பேத்து வளைவுக்கு ஏத்திற இடத்தில. அதுக்கு வேணும் காத்து, நிறையக் காத்து. வோட்ஸ் எண்டுறது மிசின் எவ்வளவு கறண்ட் தின்னுது எண்டுறது மட்டும்தான், எவ்வளவு வேலை செய்யுது எண்டுறதில்ல. கூடத் தின்னுறவன் எல்லாம் கூட வேலை செய்யிறவனோ?

அதால கடையில பெட்டியைத் திருப்பிப் பாருங்கோ, ஒரு செக்கனுக்கு எத்தினை லீட்டர் காத்து எண்டு ஒரு கணக்கு இருக்கும், சிலதில மணித்தியாலத்துக்கு எத்தினை கன மீற்றர் எண்டு இருக்கும், அப்பிடியெண்டா 3.6 ஆல பிரிச்சா லீட்டர் கணக்கு வரும். கிலோபாஸ்கல் எண்டும் ஒண்டு இருக்கும், அது இழுவை, பத்துக் கிலோபாஸ்கல் எண்டா கிட்டத்தட்ட ஒரு மீற்றர் தண்ணியைத் தூக்கும். வளைவு ஏறுறதுக்கு அது தாராளம். காத்துக் கணக்கே எழுதாத பெட்டியெண்டா நானெண்டா வாங்கமாட்டன்.

அடுத்தது பைப்பின்ர அகலம். நான் முதல்முதல் வாங்கின செற்றுக்கு 38 மில்லிமீற்றர் பைப், பாரமில்லாம லேசாத் தூக்கலாம் எண்டு சந்தோசப்பட்டன். முதல் நாளே ஒரு மாவிலை காம்போட குறுக்கால நிண்டிட்டுது, அதுக்குப் பின்னால வேப்பங்குச்சி, பேந்து எல்லாம் வந்து குந்தியிட்டுது, கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா தடியை இறக்கிக் கம்பி விட்டுக் குத்தினதுதான் வேலை. 50 மில்லிமீற்றர் பைப்பின்ர வாய் அதைவிட ஒண்டேமுக்கால் மடங்கு கிட்ட வரும், மாவிலை போகும். ஆனா கவனம், பைப் அகலிச்சா அதுக்குள்ள காத்தின்ர வேகம் குறையும். செக்கனுக்கு 50 லீட்டர் காத்து 38 பைப்புக்குள்ள 44 மீற்றர் வேகத்தில ஓடுமெண்டா 50 பைப்புக்குள்ள 25 மீற்றர்தான் ஓடும். சின்ன மிசினுக்கு மெத்தப் பெரிய பைப்பைக் கொழுவினா இலை வரும், மண் வராது, வளைவுக்குள்ளயே படிஞ்சிடும். மிசினும் பைப்பும் சோடி சேரவேணும், எங்கட மா, முருங்கை, வேம்பு நிக்கிற வளவுகளுக்கு 50 பைப்பும் அதுக்கு ஏத்த காத்துள்ள மிசினும்தான் சரி.

ரெண்டு மோட்டர், மூண்டு மோட்டர் மிசினுகள் வருது. அது நல்லதுதான், மோட்டர் கூடினா காத்துக் கூடும். ஆனா வீட்டு வயரிங்கை யோசியுங்கோ. 13 அம்பியர் சொக்கெட் 230 வோல்ற்றுக்கு 3000 வோட்ஸ் மட்டும்தான் தாங்கும், மூண்டு மோட்டர் மிசின் அதைத் தாண்டும். எங்கட பழைய வீடுகளில இருக்கிற உருண்டைக் கால் 5 அம்பியர் சொக்கெட் 1150 வோட்ஸோட சரி, அதில கொண்டுபோய்ச் செருகினா சொக்கெட் உருகும். எக்ஸ்டென்சன் வயரை றோலில சுத்தினபடி விட்டும் ஓடாதீங்கோ, முழுக்க இழுத்து விரியுங்கோ, இல்லாட்டிச் சுத்துக்குள்ள சூடேறும். கறண்ட் ஒழுகினா வெட்டிவிடுற ட்ரிப் சுவிச் வேலை செய்யுதோ எண்டு அந்த டெஸ்ட் பொத்தானை ஒருக்கா அமத்திப் பாத்திட்டுத் தொடங்குங்கோ, தண்ணியும் கறண்டும் ஒண்டாப் புழங்கிற வேலை.

அந்த அக்கான்ர மிசின் மாதிரி ஆகாம இருக்க ஒரு கேள்வி காணும்: "ஈரமும் காய்ஞ்சதும் ரெண்டும் உறிஞ்சுமோ, மோட்டரைக் குளிராக்கிற காத்துக்கு வேற வழி இருக்கோ?" இருக்கெண்டா மூடியில தனியா ஒரு ஓட்டை வரிசை தெரியும், நீங்களே பார்க்கலாம். உள்ளுக்கு ஒரு மிதவையும் இருக்கவேணும், தண்ணி நிரம்பினா அது எழும்பி இழுவையை அடைக்கும்.

தொட்டி பெரிசு வேணும் எண்டு ஆசைப்படாதீங்கோ. 70 லீட்டர் தொட்டி நிரம்பினா 70 கிலோ, அதை ஆர் தூக்கிக் கவிழ்க்கிறது? அடியில திறந்துவிடுற குழாய் இருக்கிறதாப் பாருங்கோ, திறந்து அப்பிடியே வாழையடிக்கு விட்டா வாழைக்கும் நல்லது.

தடி. இதை எங்கட ஆக்களுக்கு நான் சொல்லிக் குடுக்கத் தேவையில்ல, கொக்கத்தடி பிடிச்சு மாங்காய் ஆயாத ஆள் ஆர் இருக்கிறியள். பத்தடி கொக்கத்தடி கையில நிக்கும், இருபதடித் தடி நுனியில ஆடும், ஒரு மணித்தியாலத்தில தோள் விட்டுப்போகும். இதுவும் அதேதான். எங்கட ஒருமாடி வீட்டுத் தாவாரம் ஒன்பது பத்தடி உயரம், அதுக்கு அலுமினியத் தடி தாராளம், விலையும் குறைவு. மேல்மாடி வீடெண்டா இருபதடிக்கு மேல போகும், அங்கதான் காபன் ஃபைபர் தடி காசுக்கு வேலை செய்யும், லேசு, வளையாது. துண்டு துண்டாக் கொழுவிற தடியெண்டா மூட்டுகளைப் பாருங்கோ, ஒவ்வொரு மூட்டாலயும் காத்து ஒழுகினா மேல போய்ச் சேர ஒண்டும் மிஞ்சாது, கொழுவிப்போட்டு நுனியைக் கையால பொத்திக்கொண்டு மூட்டில காதை வைச்சா "ஸ்ஸ்" எண்டு கேக்கும்.

அலுமினியமும் காபனும் ரெண்டுமே கறண்ட் கடத்தும், இதைச் சிரிச்சுப்போட்டு விடாதீங்கோ. எங்கட வீடுகளுக்குத் தூணில இருந்து வாற வயர் தாவாரத்துக்குப் பக்கத்தாலதான் வருது, பீலியும் அங்கதான். அந்தப் பக்கத்துக்குத் தடியைத் தூக்கவே தூக்காதீங்கோ, அந்த மூலையில குப்பை இருந்தா இருக்கட்டும்.

அஸ்பெஸ்ரஸ் சீற் போட்ட வீட்டுக்காரருக்கு ஒரு விசயம், கொஞ்சம் கவனமாக் கேளுங்கோ. பழைய சீற் மழையில அரிச்சு அந்த நார் பீலிக்குள்ளதான் வந்து சேரும். காய்ஞ்சபடி உறிஞ்சினா சாதாரண வடிகட்டி அந்த நாரைப் பிடிக்காது, மிசின்ர பின்பக்கத்தால உங்கட முகத்துக்குத்தான் அடிக்கும். பெலத்த தண்ணியால கழுவவும் கூடாது, புளோவராலை ஊதவும் கூடாது. பீலியை மெல்ல நனைச்சு, ஈரமாவே எடுத்து, உறையில கட்டிப் போடுங்கோ, உதை வாழைக்குக் கொட்ட வேண்டாம்.

புளோவரைப் பற்றிக் கேக்கிற ஆக்கள் கனபேர். காய்ஞ்ச சருகுக்கு அது நல்லம், விலையும் குறைவு, ஆனா எங்கட பீலியில சருகு மட்டுமோ கிடக்கு, அடியில செம்மண் சேறு. அது ஊதுப்படாது, ஊதுப்பட்டாலும் பக்கத்து வீட்டு உடுப்புக் கொடிக்குத்தான் போகும், பிறகு வேலியால சண்டை.

கமரா வேணுமோ எண்டா, வேணும். கீழ நிண்டு பீலிக்குள்ள என்ன கிடக்கெண்டு தெரியாமக் குருட்டுத்தனமாத் தடவினா பிளாஸ்ரிக் பீலின்ர கிளாம்பை இடிச்சு உடைப்பீங்கள். போனில பார்க்கிற வைஃபை கமரா சின்னனா வருது. எங்கட மகன் ஒருநாள் போனையே கொக்கத்தடி நுனியில கட்டி வீடியோ எடுத்தவன், படம் வடிவா வந்தது, பிறகு போன் கிணத்துக்கட்டில விழுந்தது, அந்தச் செலவுக்கு ரெண்டு கமரா வாங்கியிருக்கலாம்.

இன்னொண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மிசின் எண்டுறது எனக்குச் சரியாப் படேல்ல. வருசத்தில ரெண்டுதரம், ஒருதரம் இப்ப, மற்றது வேம்பு இலை கொட்டுற பங்குனியில, அதோட முடிஞ்சுது. ஒழுங்கையில ஆறேழு வீடு சேந்து நல்லதா ஒண்டு வாங்கி வைச்சாக் காணும். மலிஞ்சது ஏழு வாங்கினா ஏழும் என்ர கடைக்குத்தான் வரும், எனக்கு லாபம்தான், எண்டாலும் சொல்லுறன்.

வாங்கப் போகேக்க ஒரு வாளி எடுத்துக்கொண்டு போங்கோ. உங்கட பீலியில இருக்கிறதையே கொஞ்சம் அள்ளிப் போட்டு, மாவிலையும் முருங்கையிலையும் மண்ணும், தண்ணி விட்டுக் குழைச்சுக் கொண்டுபோங்கோ. மூண்டு நாலடித் துண்டைக் கொழுவிக் காட்டுறதை ஒத்துக்கொள்ளாதீங்கோ, உங்கட தாவாரத்துக்கு எத்தினை தடி வேணுமோ அத்தினையையும் கொழுவச் சொல்லி, வளைவையும் போடச் சொல்லி, வாளியை ஒரு மேசைக்கு மேல வைச்சு உறிஞ்சிக் காட்டச் சொல்லுங்கோ. வாளின்ர அடி மண் வந்திட்டுதெண்டா காசைக் குடுங்கோ. "கடையில அப்பிடிச் செய்ய ஏலாது அண்ணை, சேறு பரவும்" எண்டு சொன்னா, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடவுங்கோ.