லாண்ட் ரோவர் மேல்கதவில் இடைவெளியா? கீழிருந்து தொடங்குங்கள்

[காட்சி: கிறவல் வீதியோரம் நிற்கும் சீரிஸ் 3 லாண்ட் ரோவர். ஓட்டுநர் பக்கக் கதவின் பின்மேல் மூலை, மிக அருகில்.]

வணக்கம். இந்த மூலையைப் பாருங்கள். கதவு பூட்டித்தான் இருக்கிறது. ஆனாலும் என் சுட்டுவிரல் உள்ளே போய் வருகிறது. மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு உள்வீதிக்கு இறங்கினால், புழுதி முழுக்க இந்த வழியால்தான் உள்ளே வரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இதே மூலையால் தண்ணீர் இறங்கி ஓட்டுபவரின் தோளை நனைக்கும்.

இதற்குப் பலர் செய்கிற வைத்தியம் இரண்டு. ஒன்று, கடையில் தடித்த ரப்பர் வாங்கி ஒட்டுவது. மற்றது, மேல்கதவை, அதாவது கண்ணாடி இருக்கும் மேற்பகுதியை, பிடித்து உள்ளே வளைப்பது. இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மேல்கதவில் கை வைப்பது கடைசி வேலை.

[காட்சி: கழற்றி மேசையில் வைத்த மேல்கதவு. அடியில் இரண்டு போல்டுகள்.]

1948இல் வந்த முதல் லாண்ட் ரோவரிலிருந்து, 1985 வரை செய்யப்பட்ட சீரிஸ் 3 வரை, இந்த வண்டியின் கதவு இரண்டு பகுதியாகத்தான் வருகிறது. பிணைச்சலும் பூட்டும் கீழ்க்கதவில் மட்டும். மேல்கதவுக்குத் தனியாக ஒரு பிணைச்சலும் இல்லை. இதோ, இந்த இரண்டு போல்டுகளும் கீழ்க்கதவுக்குள் இறங்கும், நட்டுப் போட்டு இறுக்குவோம். அந்தப் பிடியில்தான் கண்ணாடியும் சட்டமும் நிற்கின்றன. ஆகவே கீழே இருக்கிற சின்னச் சாய்வு மேலே போகப் போகக் கூடும். கீழ்க்கதவின் உயரத்துக்குள் 2 மில்லிமீற்றர் வெளியே சாய்ந்திருந்தால், மேல்கதவின் உச்சியில் அது 4 மில்லிமீற்றரை நெருங்கிவிடும். நாம் மேலே பார்க்கிற இடைவெளி கீழே பிறந்ததாக இருக்கலாம்.

சரி, முதலில் பிணைச்சல். கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்கத்தில் இரண்டு கையாலும் தூக்கிப் பாருங்கள்.

[காட்சி: உதவியாளர் கதவைத் தூக்குகிறார். பின்குரல்: "தம்பி, இன்னும் கொஞ்சம் தூக்குங்கோ... ஆ, அங்கதான் ஆடுது."]

பார்த்தீர்களா, ஆணிக்கும் அதன் துளைக்கும் நடுவே ஆட்டம். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம். அந்தக் கதவுதான் நாள் முழுக்கத் திறந்து மூடப்படுகிறது. அதனால் அநேகமாக அதன் பிணைச்சல்தான் முதலில் தேயும். தேய்ந்ததை மாற்றாமல் மேலே என்ன செய்தாலும் நிற்காது. பிணைச்சல் நல்லதாக இருந்து, அதைப் பிடிக்கும் போல்டுகள் மட்டும் தளர்ந்திருந்தால், கதவைச் சரியான உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறுக்கினால் போதும்.

பிணைச்சல் பொருந்தியிருக்கும் தூணையும் தட்டிப் பாருங்கள். வண்டியின் வெளித்தகடு பெரும்பாலும் அலுமினியம். உலகப்போர் முடிந்த காலத்து இரும்புத் தட்டுப்பாட்டில் எடுத்த முடிவு அது. ஆனால் எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவே நிற்கும் பல்க்ஹெட் இரும்பு. அந்தத் தூண் அதன் ஒரு பகுதி. தூணின் பாதம் சீக்கிரம் உக்கும். முல்லைத்தீவுக் கரையில் வலைக்கும் மீனுக்கும் ஓடிய வண்டி என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். பாதம் உக்கியிருந்தால் தூண் அசையும், தூண் அசைந்தால் கதவு எந்த நாளும் ஒரே இடத்தில் நிற்காது. அது வெல்டிங் வேலை, அதை முடித்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது முன்கண்ணாடிச் சட்டம். இதை அநேகம் பேர் நினைப்பதே இல்லை. இந்த வண்டியின் முன்கண்ணாடி முன்னால் மடியக்கூடியது. கீழ் மூலைகளில் போல்டு, மேலே கூரையோடு போல்டு. எப்போதாவது கூரையைக் கழற்றித் திரும்பப் பூட்டியிருந்தால், சட்டம் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ சரிந்து நிற்கலாம். மேல்கதவின் முன்விளிம்பு அந்தச் சட்டத்தின் சரிவோடு சேர்ந்து போக வேண்டும். அந்த இடைவெளி கீழே ஒடுங்கி மேலே அகன்றிருந்தால் குற்றம் கதவில் இல்லாமலும் இருக்கலாம். கூரைப் போல்டுகளைத் தளர்த்தி, சட்டத்தை மெல்லத் தள்ளிப் பார்த்து, இடைவெளி ஒரே அளவானதும் இறுக்குங்கள்.

பூட்டுக் கொக்கி விழும் தகட்டை உள்ளே வெளியே நகர்த்தலாம். கீழ்க்கதவு உடலோடு ஒரே மட்டத்தில் வரும் இடத்தில் அதை நிறுத்துங்கள்.

[காட்சி: மேல்கதவின் அடிப்பகுதி. வெளிவிளிம்பின் கீழே மெல்லிய பிளாஸ்டிக் துண்டு செருகப்படுகிறது.]

இப்போதுதான் மேல்கதவு. நட்டு இரண்டையும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். உச்சி வெளியே சாய்கிறதா? அப்படியானால் மேல்கதவின் வெளிவிளிம்புக்கு அடியில் மெல்லிய துண்டு ஒன்றைக் கொடுங்கள். வெளிப்பக்கம் உயர்ந்தால் உச்சி உள்ளே வரும். உள்ளே அதிகம் சாய்ந்தால் மறுபக்கம். துண்டு கடினமான பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பழைய ரியூப்பை வெட்டி வைக்கிறவர்கள் உண்டு. தண்ணீரை மறிக்க அது நல்லது, தாங்குவதற்கு நல்லதல்ல. இறுக்க இறுக்க நசுங்கி, நீங்கள் வைத்த அளவு போய்விடும். வெறும் இரும்புத் துண்டை அலுமினியத்தோடு ஒட்ட வைப்பதும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே ஈரம் நின்றால் அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பொரியும்.

இத்தனைக்குப் பிறகும் பின்மேல் மூலை மட்டும் வெளியே நின்றால், சட்டமே வளைந்திருக்கிறது. அப்போது வளைக்கலாம். கண்ணாடிகளைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். பூட்டு உயரத்தில் கதவுக்கும் பூட்டுப் பக்கத் தூணுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, மேல்மூலையை வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்துங்கள். கொஞ்சம் அழுத்தி, கட்டையை எடுத்து, சாத்திப் பார்த்து, தேவையானால் மறுபடியும். ஒரே தள்ளில் முடிக்கப் பார்த்தால் சட்டத்தின் மூலை வெல்டு வெடிக்கும், முக்கியமாக அடிப்பக்கம் துருப்பிடித்த சட்டத்தில். கண்ணாடி ஓடும் பள்ளத்தில் மண் அடைத்துத் தண்ணீர் நிற்பதால்தான் அந்தத் துரு. கண்ணாடி வெளியே இருக்கும்போதே பள்ளத்தைச் சுரண்டி, தண்ணீர் வழியும் துளைகளையும் திறந்துவிடுங்கள்.

ரப்பர் கடைசியில். உள்ளே குழலாக, மென்மையாக இருக்கிற ரப்பர் வாங்குங்கள். தடித்த ரப்பர் இடைவெளியை அடைப்பதுபோல் தெரியும். உண்மையில் அது மெல்லிய சட்டத்தை நாளும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். நீங்களும் ஓங்கிச் சாத்துவீர்கள், பிணைச்சல் மறுபடி தேயும்.

[காட்சி: கதவிடுக்கில் பத்திரிகைத் தாள் துண்டு.]

சோதிக்க ஒரு பத்திரிகைத் தாள் போதும். விரல் அகலத் துண்டாகக் கிழித்து, இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி, இழுங்கள். எல்லா இடத்திலும் ஒரேபோல் இறுக்கமாக வர வேண்டும். வழுக்கி வந்தால் அங்கே இடைவெளி, கிழிந்தால் அங்கே இறுக்கம் அதிகம். இருட்டிய பிறகு ஒருவர் உள்ளே இருக்க, மற்றவர் வெளியே ரோச் அடித்துச் சுற்றி வந்தாலும் தெரியும்.

அப்புறம், ஒரு கிழமை குண்டும் குழியுமான வீதியில் ஓடியதும், அந்த இரண்டு நட்டையும் இன்னொரு தடவை இறுக்குங்கள். கதவைச் சாத்தும்போது கீழ்த்தகட்டில் கை வைத்துத் தள்ளுங்கள். வண்டியில் ஏற மேல்கதவைப் பிடித்துத் தொங்க வேண்டாம் என்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். சட்டம் வெளியே வளையத் தொடங்குவது அநேகமாக அந்தப் பிடியில்தான்.