சாமி தாமதமாக வரட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரையின் கோடைக்காலக் கலை நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். கலை நிகழ்ச்சி என்றால் அழைப்பிதழ் இருக்கும், ஆறரை மணிக்குத் தொடங்கும், இரண்டு தலைவர்கள் பேசுவார்கள், எட்டரைக்கு நன்றியுரை சொல்லி அனுப்பிவிடுவார்கள். அப்படிப்பட்டவையும் எங்கள் ஊரில் உண்டு. ஆனால் சித்திரை மாதத்தில் இந்த ஊரில் நடப்பது வேறு கணக்கு. காலை பத்து மணிக்கே தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிற வெயில். அந்த வெயிலில் யார் ஆடுவது, யார் நின்று பார்ப்பது? அதனால் இந்த ஊர் தன் கலைகளில் பெரும்பகுதியை ராத்திரிக்குத் தள்ளிவைத்துவிட்டது. அந்த ராத்திரிகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சித்திரைத் திருவிழா என்பது உண்மையில் இரண்டு திருவிழா. ஒன்று மீனாட்சியம்மன் கோயிலில் கொடியேற்றத்தோடு தொடங்குகிற 12 நாள் விழா: பட்டாபிஷேகம், திக்விஜயம், திருக்கல்யாணம், தேர். இன்னொன்று, ஊருக்கு வடக்கே இருபது கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் இருக்கும் கள்ளழகர் பௌர்ணமியன்று வைகையில் இறங்குகிற விழா. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் இரண்டையும் சேர்த்தார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு முன்னால் மீனாட்சியின் தேர் மாசியில் ஓடியது, அழகர் சோழவந்தான் பக்கம் தேனூரில் ஆற்றில் இறங்கினார். மாசியிலிருந்து சித்திரைக்கு வந்த தேர் இன்றைக்கும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்குவதற்குள் தேர் நிலைக்கு வந்துவிடும்.

சாமி ஊர்வலத்துக்கு முன்னால் முரசு சுமந்து வரும் டங்கா மாடு, யானை, கோலாட்டம் போடும் சிறுமிகள், மீனாட்சி வேஷம் கட்டிய குழந்தைகள் என்று மாசி வீதிகள் நிறைந்திருக்கும். கையில் பச்சைக்கிளி பொம்மையோடு, தூக்கம் சொக்கிய கண்ணோடு, அப்பா தோளில் வரும் மூன்று வயது மீனாட்சிகளைப் பார்த்திருக்கிறீர்களா? அது ஒரு அழகு. ஆனால் எனக்கு நெருக்கமானது அழகர் வருகிற பாதை. நான் பிறந்தது அழகர்கோவில் சாலையில், கடச்சனேந்தல் பக்கம். என் சின்ன வயதில் அது ஊருக்கு வெளியே இருந்த கிராமம். இப்போது ஊர் வளர்ந்து வந்து எங்களைச் சேர்த்துக்கொண்டுவிட்டது.

அழகர் மலையை விட்டுச் சாயங்காலம் கிளம்புவார். கண்டாங்கிப் புடவை, கையில் வளைதடி, கள்ளர் வேடம். அங்கிருந்து அப்பன் திருப்பதி, கடச்சனேந்தல் வழியாக மூன்றுமாவடிக்கு வருவதற்குள் பொழுது விடிந்துவிடும். காரணம், மண்டகப்படி. வழிநெடுக ஒவ்வொரு தெருக்காரரும் சங்கத்தாரும் கடைக்காரரும் பந்தலோ மண்டபமோ போட்டுச் சாமியை நிறுத்துவார்கள். போய்விட்டுத் திரும்புகிற வரைக்கும் எண்ணினால் நானூறுக்கு மேல் தேறும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிஷம் கூடினால் போதும், வரிசையில் கடைசியில் இருப்பவர்களுக்கு அது மணிக்கணக்கில் தாமதம்.

எங்கள் தெரு மண்டகப்படிக்குத் தை மாதத்திலேயே வசூல் தொடங்கிவிடும். நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். பந்தல், வாழைமரம், சீரியல் பல்பு, மேளம், நீர்மோர், பானகம், விசிறி. விசிறி முன்பெல்லாம் பனையோலை. இப்போது அட்டை, பின்பக்கம் நகைக்கடை விளம்பரம். காற்று என்னவோ ஒன்றுதான். இத்தனையும் செய்துவிட்டுத் தெருவே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சாமி வந்து நிற்பது எவ்வளவு நேரம் தெரியுமா? ஒருமுறை நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிஷம்.

நான்கு நிமிஷத்துக்கு ஆறு மணி நேரக் காத்திருப்பு! சின்ன வயதில் எனக்கு இது அநியாயமாகப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்த ஆறு மணி நேரம் இருந்ததால்தான் எங்கள் ஊரில் இத்தனை கலைஞர்கள் பிழைத்தார்கள் என்று நினைக்கிறேன். கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, தூங்கக் கூடாது, குழந்தைகள் அழக் கூடாது. அப்போது யாராவது பாட வேண்டும், யாராவது ஆட வேண்டும். கரகம் வந்தது அதற்காக. நையாண்டி மேளம் வந்தது அதற்காக. எனக்கு ரொம்பப் பிடித்த வர்ணிப்பும் அப்படி வந்து உட்கார்ந்த கலைதான்.

வர்ணிப்பு என்றால் தென் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அழகர் மலையில் புறப்படுவதிலிருந்து, என்ன நகை போட்டார், எந்த வழியாக வந்தார், வழியில் யார் எதிர்கொண்டார்கள் என்று ஒவ்வொன்றாக நீட்டிப் பாடுகிற பாட்டு அது. பக்கவாத்தியம் பெரிதாக வேண்டாம். ஒருவர் எடுத்துக் கொடுக்க, கூட இருப்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள். இதன் விசேஷம் என்னவென்றால், பாட்டைச் சுருக்கலாம், நீட்டலாம். சாமி சீக்கிரம் வருகிறார் என்றால் நகைகளை இரண்டு வரியில் முடித்துவிட்டு ஆற்றுக்குப் போய்விடலாம். தாமதமென்றால் ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாக நின்று பேசலாம். எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் கழுத்து ஆபரணத்திலிருந்து இடுப்புக்கு இறங்குவதற்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். நாங்கள் பொறுமை இழந்து, "தாத்தா, ஆத்துல எறக்குங்க தாத்தா" என்று கத்துவோம். அவர் கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் ஆட்டி உட்காரச் சொல்வார். நேரத்துக்குத் தக்கபடி விரிகிற, சுருங்குகிற கலை வேறு எங்கே இருக்கிறது? கச்சேரியில் ராக ஆலாபனையைச் சொல்லலாம். சரி, அதுவும் இதற்குத் தூரத்துச் சொந்தமாக இருக்கட்டும்.

அப்புறம் வேஷம். அழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் கருப்பசாமி வேஷம் கட்டித் தண்ணீர் பீய்ச்சுவார்கள். இடுப்பில் சல்லடம், தலையில் உருமா, சம்கி தைத்த வெல்வெட் துணி. இந்த உடுப்புகளைத் தைப்பவர்கள் புதுமண்டபத் தையல்காரர்கள். புதுமண்டபமே கோடைக்காகக் கட்டியதுதான், கேட்டுக்கொள்ளுங்கள். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம், 124 தூண், சாமி குளுமையாக இருக்கச் சுற்றிலும் தண்ணீர் நிற்க வழி. பிறகு அந்தத் தூண்களுக்கு நடுவில் புத்தகக் கடையும் பாத்திரக் கடையும் தையல் மிஷின்களும் வந்துவிட்டன. சில வருஷங்களுக்கு முன்னால் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். மண்டபத்துக்கு நல்லதுதான். ஆனால் சிலைக்குக் கீழே உட்கார்ந்து ஒருவர் சல்லடத்துக்குச் சரிகை வைத்துத் தைத்துக்கொண்டிருந்த காட்சி போய்விட்டதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அவர்கள் தண்ணீர் பீய்ச்சுகிற துருத்தியைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆட்டுத்தோலைப் பையாகத் தைத்து, ஒரு முனையில் பித்தளைக் குழாய் வைத்திருப்பார்கள். பையைத் தோளில் மாட்டி அக்குளில் இடுக்கிக்கொள்வார்கள். ஒரு கை அமுக்கும், மறு கை குழாயைத் திருப்பும். தண்ணீர் மெல்லிய இழையாக மேலே போய் விசிறிபோல் விழும். குழாய் வாயில் கட்டைவிரலை வைத்து அந்த இழையை உடைப்பதில்தான் இருக்கிறது வித்தை. நடுவில் பவர் பம்பும் மோட்டாரும் வைத்துப் பீய்ச்ச ஆரம்பித்தார்கள். தண்ணீரில் பொடி, வாசனைத் திரவியம் என்று எதையெதையோ கலந்தார்கள். நிர்வாகம் தலையிட்டு, தோல்பையில்தான் பீய்ச்ச வேண்டும், எதையும் கலக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. எனக்கு இதில் முழுச் சம்மதம். மோட்டாருக்கு எதற்குச் சல்லடம்?

ஆற்றில் இறங்குவதை நான் வர்ணிக்கப் போவதில்லை. அன்றைக்குக் காலையில் இதே வானொலியில் நேர்முக வர்ணனை கேட்டிருப்பீர்கள். அழகர் உடுத்தி வருவது பச்சைப் பட்டா, சிவப்பா, வெள்ளையா என்று பக்கத்து வீட்டில் பந்தயம்கூடக் கட்டியிருப்பார்கள். நான் சொல்ல விரும்புவது அதற்கு மறுநாள் ராத்திரியை. வைகைக்குள் இருக்கும் தேனூர் மண்டபத்தில், தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாபம் நீக்கிவிட்டு அழகர் ராமராயர் மண்டபத்துக்கு வருவார். அங்கே விடிய விடிய தசாவதாரம். முத்து அங்கி சாத்துகிற முத்தங்கி சேவையில் தொடங்கி மச்சம், கூர்மம், வாமனம், ராமர், கிருஷ்ணர் என்று போய், விடிகிற நேரத்தில் மோகினி. ஒவ்வொரு அலங்காரத்துக்கும் நடுவில் திரை போட்டுவிடுவார்கள். அந்தத் திரைக்கு வெளியே கூட்டம் உட்கார்ந்திருக்கும். முறுக்கு, சுக்குக் காப்பி, பலூன், "அடுத்து வாமனம்தானே?" என்ற விசாரிப்பு. ஒரு அம்மா மடியில் இரண்டு பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, திரை விலகும்போது மட்டும் இரண்டையும் தட்டி எழுப்பிக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் ஒரு கண்ணைத் திறந்து கூர்மத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் தூங்கிப்போயின.

இதெல்லாம் எப்போதும் இப்படியே நடந்துவிடவில்லை. கொரோனாவால் 2020இலும் 2021இலும் அழகர் மலையை விட்டு இறங்கவில்லை. விழாச் சடங்குகளைக் கோயிலுக்குள்ளேயே முடித்துக்கொண்டார்கள். இங்கே மேளக்காரர்களுக்கும் கரகக்காரர்களுக்கும் பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும்தான் வருமானம். இரண்டு கோடை போனால் அவர்களுக்கு இரண்டு வருஷமே போன மாதிரி. எங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த தவில்காரர் ஒருவர் அந்தச் சமயத்தில் பெயின்ட் வேலைக்குப் போனார். 2022இல் விழா திரும்ப நடந்தபோது அவரும் வந்தார், விரலில் பெயின்ட் கறையோடு. ஆற்றுக்குள் அந்த வருஷம் கூட்ட நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

இன்னொன்று சத்தம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்பது சட்டம். கலைஞர்களை ஒழிக்கிற சட்டம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆள் உயரப் பாக்ஸ் வைத்து நெஞ்சு அதிரப் பாட்டுப் போட்டால் பக்கத்தில் வர்ணிப்பு எங்கே கேட்கும்? ஒரு வருஷம் எங்கள் பந்தலில் அப்படி ஒரு ஒலிபெருக்கிக்காரரை அமர்த்திவிட்டு, நாங்களே காதைப் பொத்திக்கொண்டு அடுத்த தெருவில் போய் உட்கார்ந்தோம். அடுத்த வருஷம் அவரைக் கூப்பிடவில்லை.

சத்தத்தைவிட எனக்குக் கவலை தந்தது வேறொன்று. அழகர் இப்போது எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்று கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் பெரிய உபகாரம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருவில் பாதிப்பேர் வீட்டில் படுத்துக்கொண்டு, பக்கத்தில் வந்ததும் இறங்கி வருவோம் என்று இருந்துவிட்டார்கள். பந்தலில் நாற்காலிகள் காலி. காத்திருக்க ஆள் இல்லாவிட்டால் வர்ணிப்பு யாருக்கு?

போன சித்திரையில் அந்த ராத்திரி நான் பந்தலில் இருந்தேன். அந்த வர்ணிப்புத் தாத்தா காலமாகிவிட்டார், அவருடைய மருமகன்தான் இப்போது பாடுகிறார், அவருக்கே அறுபதைத் தாண்டிவிட்டது. முன்னால் பதினைந்து பேர் இருந்திருப்போம். சாமி மலையை விட்டு இறங்கி முதல் மண்டபம் வரைக்கும் பாடியாகிவிட்டது. அவர் நிறுத்திவிட்டு, கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்த ஒரு பையனைக் கூப்பிட்டார்.

"தம்பி, எங்க வர்றாரு, பாரு."

"இன்னும் அப்பன் திருப்பதியே தாண்டல பெரியப்பா."

"அப்படியா?" என்று முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. சுக்குக் காப்பியை ஒரே வாயில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நகையை மொதல்லேருந்து பாடிருவோம்."