அழக்கூட நேரம் கொடுக்காத தொடர்கள்: ஒரு நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதைப் படித்ததிலிருந்து சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் கோபமும் வருகிறது. கும்பகோணத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார்: "அக்கா, கொரியத் தொடர்களை நான் அழுது அழுது பார்ப்பேன். நீங்கள் ஓயாமல் ஜப்பான், ஜப்பான் என்கிறீர்களே என்று ஒரு ஜப்பான் தொடரும் பார்த்தேன். பத்தே எபிசோடு. கதை சூடு பிடிப்பதற்குள் முடித்துவிட்டார்கள். அழக்கூட நேரம் கொடுக்கவில்லை. எது உசத்தி என்று நேர்மையாகச் சொல்லுங்கள்."

அழக்கூட நேரம் கொடுக்கவில்லையாம்! இந்த வரிக்காகவே உங்களுக்கு ஏதாவது பரிசு அனுப்ப வேண்டும் அம்மா. நான் பல வீடியோக்களில் சுற்றிச் சுற்றிச் சொன்னதை நீங்கள் புகாராகச் சொல்லி முடித்துவிட்டீர்கள்.

பழைய நேயர்களுக்குத் தெரியும், நான் எப்போதும் கடிகாரத்திலிருந்துதான் தொடங்குவேன். புதிதாக வந்தவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஆண்டை நான்கு பருவமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் புதிய தொடர்கள் வரும். வாரத்துக்கு ஒரு நாள், விளம்பரம் போக முக்கால் மணி நேரம். பருவம் முடிந்தால் தொடரும் முடிந்தாக வேண்டும். ஆகவே பத்து எபிசோடு, மிஞ்சினால் பதினொன்று. கூட்டிப் பார்த்தால் மொத்தக் கதைக்கும் கிடைப்பது எட்டு மணி நேரம்தான். கொரியாவில் அடுத்தடுத்த இரண்டு நாட்கள் ஒளிபரப்புவார்கள். திங்கள் செவ்வாய், புதன் வியாழன், சனி ஞாயிறு என்று. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். வழக்கமான கணக்கு 16 எபிசோடு. அதாவது பதினாறு, பதினேழு மணி நேரம். ஜப்பானியரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு!

"ஜப்பானிலும் 'ஓஷின்' இருக்கிறதே?" என்று யாராவது கேட்பீர்கள். இருக்கிறது. 1983-84இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யில் 297 எபிசோடு ஓடியது. ஆனால் அது காலையில் பதினைந்து பதினைந்து நிமிடமாக வருகிற வகை. அது வேறு சாதி. நாம் பேசுவது இரவு நேரத் தொடர்களை.

இப்போது நம்மில் பலர் எங்கே தொடங்கினோம் என்று பாருங்கள். புதுயுகம் தொலைக்காட்சியில் தமிழ் டப்பிங்கில் வந்த 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' தொடரில்தான். 2009இல் கொரியாவில் எடுத்தது, 25 எபிசோடு. அதே கதையை, அதே ஜப்பானிய மங்காவிலிருந்து (படக்கதைப் புத்தகம்), 2005இல் ஜப்பானில் எடுத்தபோது ஒன்பது எபிசோடில் முடித்தார்கள். 2007இல் இரண்டாம் பாகம் வந்தது, பதினொன்று. இரண்டையும் சேர்த்தாலும் நேரக் கணக்கில் கொரியாவின் பக்கத்தில் நிற்காது. அப்போது என் அத்தை எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். கொரியத் தொடர் ஓடும்போது நடுவில் சமையலறைக்குப் போய், தாளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் அவருக்குக் கதை புரியும். ஜப்பான் தொடரை மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். சப்டைட்டில் படிக்க வேண்டிய சிரமம் ஒரு பக்கம். எழுந்து போய் வந்தால் இரண்டு பேர் பிரிந்து சேர்ந்தே முடிந்திருக்கும். "இவர்களுக்கு என்னடி அவ்வளவு அவசரம்?" என்றார். கும்பகோணத்துத் தங்கையும் அத்தை கட்சிதான்.

அத்தை இன்னொன்றும் கேட்பார். கொரியத் தொடரில் பணக்காரன், ஏழை, பேய், தேவதை எல்லாரும் ஏன் ஒரே சாண்ட்விச் கடைக்குப் போகிறார்கள்? நல்ல கேள்வி. பழைய பெரிய சேனல்களில் நிகழ்ச்சிக்கு நடுவே விளம்பரம் போட 2021 வரை அனுமதி கிடையாது. ஆகவே விளம்பரம் செய்ய வேண்டிய பொருளே கதைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இடையில் ஒரு தந்திரமும் செய்தார்கள்: ஒரு எபிசோடை இரண்டாக உடைத்து, இடைவெளியில் விளம்பரம் போட்டார்கள். சில தொடர்களுக்கு 32 எபிசோடு என்று பட்டியலில் பார்த்து நீங்கள் மிரண்டுபோவது அதனால்தான். உண்மையில் அது பழைய பதினாறேதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதினாறு மணி நேரத்தை நிரப்ப வேண்டும் என்றால் என்ன ஆகும்? கொரியக் காதல் தொடர் பார்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும், பன்னிரண்டாம் எபிசோடு வரை எல்லாம் ஜோராகப் போகும். பதின்மூன்றில் அவள் அவனுடைய நன்மைக்காக அவனை விட்டு விலகுவாள். பதினான்கில் வெள்ளை நிற லாரி ஒன்று வந்து யாரையாவது மோதும். பதினைந்தில் விமான நிலையம். இந்த மூன்று எபிசோடுக்குக் கதை கிடையாது. நேரம் இருக்கிறது, அவ்வளவுதான். இதைச் சொன்னால் எனக்குக் கொரியா பிடிக்காது என்கிறீர்கள். பிடிக்காமலா 'மை மிஸ்டர்' என்ற கொரியத் தொடரைப் பற்றி இரண்டு பாகமாகப் பேசினேன்?

இதற்கு நான் திரும்பத் திரும்பக் காட்டும் உதாரணம், இரண்டு நாட்டிலும் எடுத்த 'மதர்'. இன்றும் அதையே காட்டப்போகிறேன், வேறு வழியில்லை, இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. முடிவையும் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

2010இல் ஜப்பானில் பதினொரு எபிசோடு. ஹொக்கைடோவில் முரோரான் என்ற துறைமுக நகரம். பறவை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண், வேலை போய், தற்காலிகமாக ஓர் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்துகிறாள். அவளுக்குக் குழந்தைகளைப் பிடிக்காது. அவள் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியைக் குளிர்கால இரவில் குப்பைப் பையில் கட்டி வெளியே போட்டிருப்பதைக் காண்கிறாள். அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், "இனி நான்தான் உன் அம்மா" என்று. சட்டத்தின் பார்வையில் அது கடத்தல். சிறுமியாக நடித்த ஆஷிடா மானாவுக்கு அப்போது ஐந்து வயது. அந்தக் குழந்தையிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். பிடித்தவற்றை மட்டும் அதில் எழுதுவாள். கிரீம் சோடா அதில் உண்டு. பிடிக்காதவற்றைப் பற்றி நினைக்கவே கூடாது என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம். அவள் உடம்பில் இருக்கும் காயங்களை யாரும் விளக்க வேண்டியதில்லை, அந்தப் பட்டியலை அவள் சொல்லச் சொல்ல நமக்குப் புரிந்துவிடும். சகாமோட்டோ யூஜி எழுதியது.

2018இல் கொரியாவில் அதே கதை, பதினாறு எபிசோடு. எழுதியவர் ஜங் சோ-கியோங். இயக்குநர் பார்க் சான்-வூக்கின் படங்களில் சேர்ந்து எழுதியவர். கூடுதலாகக் கிடைத்த நேரத்தை அவர் எங்கே செலவழித்தார் என்று பாருங்கள். ஜப்பானில் குழந்தையின் தாயோடு வாழும் காதலன் ஒரு நிழல் போல வந்து போவான். கொரியாவில் அவனுக்கு ஒரு இளமைக் காலம் கொடுத்து, அவனே குழந்தையைக் கடத்திப் பணம் கேட்கும் அளவுக்கு வளர்த்துவிட்டார்கள். கதாநாயகியின் வளர்ப்புத் தாயை ஊரறிந்த நடிகையாக்கி, அவளுக்கென்றே ஒரு தனிக் கதை வைத்தார்கள். எட்டுப் பேருக்கு வைத்த குழம்பைப் பதினாறு பேருக்குப் பரிமாறுகிற வேலை இது. பெரும்பாலும் தண்ணீர் விடுவார்கள்; இந்த எழுத்தாளர் அம்மா புதிதாக அரைத்து ஊற்றினார். அந்த ஆண்டு கொரியாவின் பெக்சாங் கலை விருதில் சிறந்த தொடர் பரிசு அதற்குத்தான்.

முடிவு? ஜப்பானில் இருவரும் பிரிகிறார்கள். இருபது வயதானதும் பிரித்துப் படி என்று ஒரு கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவைக்கிறாள். கொரியாவில் முறைப்படி தத்தெடுத்து வீட்டுக்கே அழைத்து வந்துவிடுகிறாள். பதினாறு மணி நேரம் கூடவே அழுத நேயரை அந்தக் குழந்தையில்லாமல் வெறுங்கையோடு அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை என்று நான் நினைக்கிறேன். ஜப்பான்காரர்களுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

ஆனால் தங்கையே, நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுவல்ல. "எந்த நாடு உசத்தி?" என்று கேட்காமல், "இதை யார் எழுதினார்கள்?" என்று கேளுங்கள். இரண்டு நாட்டிலும் தொடருக்கு எழுத்தாளர்தான் முதலாளி. பெரும்பாலும் ஒரே ஆள் முதலிலிருந்து கடைசி வரை எழுதுவார். கொரியாவில் முன்பெல்லாம் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதுவார்கள்; அன்று காலை வந்த பக்கங்களை அன்றே படம் பிடிப்பார்கள். 2016இல் 'டிசெண்டன்ட்ஸ் ஆஃப் தி சன்' தொடரை முழுவதும் எடுத்து முடித்துவிட்டு ஒளிபரப்பியதே அப்போது பெரிய செய்தி. அன்றன்று எழுதிய அந்த நெருக்கடியிலும் குரல் மாறாமல் எழுதினார்கள் என்பதைத்தான் நான் வியக்கிறேன்.

மறுபடியும் சகாமோட்டோவையே எடுத்துக்கொள்கிறேன். 2017இல் 'குவார்ட்டெட்', பத்து எபிசோடு. கருயிசாவா மலைப்பகுதியில் ஒரு வீட்டில் நான்கு இசைக் கலைஞர்கள். முதல் எபிசோடில் பொரித்த கோழித் துண்டுகள் தட்டில் வருகின்றன. இருவர் கேட்காமலே எல்லாவற்றின் மீதும் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிடுகிறார்கள். மூன்றாமவருக்குக் கோபம். பிழிந்ததை இனித் திரும்ப எடுக்க முடியுமா, என்னை ஏன் கேட்கவில்லை என்று ஒரு பெரிய வாக்குவாதம். நான்கு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கோழியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் யார் யாரிடம் எதைக் கேட்காமல் செய்யப்போகிறார்கள் என்பது முழுவதும் அங்கேயே வந்துவிட்டது. தன் கணவர் இருக்கும் இடம் தெரியாத ஒருத்தி அந்த மேசையில் இருக்கிறாள். கடைசி எபிசோடில் மறுபடியும் கோழி வரும். தட்டின் ஓரத்தில் இருக்கும் பார்ஸ்லி இலையையும் கவனிக்க வேண்டாமா என்று பேச்சு போகும். பத்து எபிசோடில் இவ்வளவு நேரத்தைக் கோழிக்கு ஒதுக்கிய மனிதரை அவசரக்காரர் என்று எப்படிச் சொல்வது?

எதிர்ப்பக்கமும் சொல்கிறேன். கிம் உன்-ஹீ எழுதிய 'சிக்னல்', 2016, பதினாறு எபிசோடு. இரவு 11:23 மணிக்கு ஒரு பழைய வாக்கி-டாக்கி வழியாக, கடந்த காலத்தில் இருக்கும் ஒரு துப்பறிவாளரோடு இன்றைய அதிகாரி பேசுகிறார். அங்கே ஒன்று மாறினால் இங்கே எல்லாம் மாறும். 2018இல் ஜப்பானில் இதைப் பத்து எபிசோடாக எடுத்தார்கள். ஒழுங்காகத்தான் எடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு வழக்கும் முடிந்தபின் அந்தக் குடும்பங்களோடு நாம் சற்று உட்கார வேண்டும். அந்த நேரம் அதில் இல்லை. உங்கள் புகார் அங்கே நூற்றுக்கு நூறு சரி.

ஆகவே, உங்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். 'மதர்' இரண்டையும் பாருங்கள். முதலில் கொரியா, பிறகு ஜப்பான். மாற்றிப் பார்த்தால் கொரியாவில் சேர்த்ததெல்லாம் இடைச்செருகலாகத் தெரியும். இந்த வரிசையில் பார்த்தால், ஜப்பானியர் சொல்லாமல் விட்ட இடங்களை நீங்களே நிரப்பிக்கொள்வீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள், தேர்வு இருந்தால் அதை முடித்துவிட்டே தொடங்குங்கள்.

இன்னொருவர், காதலில் தோற்கும் அந்த இரண்டாவது கதாநாயகன் மீது எனக்கு ஏன் இவ்வளவு பரிவு என்று கேட்டிருக்கிறார். அதற்குத் தனி வீடியோவே இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு சண்டை போடலாம்.